விஐ திறந்து மாட்டிக்கொண்டால்: எந்தக் கட்டளையை முதலில் படிப்பது?

கேள்வி தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது. ஹட்டனில் நெட்வேர்க்கிங் கோர்ஸ் படிக்கிறார். வீட்டில் ஒரு பழைய லெப்டொப், இன்டர்நெட்டுக்குப் போன் ஹொட்ஸ்பொட். வகுப்பின் லினக்ஸ் சேர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தூரத்துக் கணினியில் கட்டளை தட்ட விடும் இணைப்பில், போய் ஒரு கொன்ஃபிக் கோப்பை, அதாவது அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பைத் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். விஐ என்ற எழுத்துத் திருத்தியை (டேர்மினல் என்ற கட்டளைத் திரைக்குள் ஓடும் செயலி) திறந்து தட்டினால் எழுத்து விழவில்லை, பீப் சத்தம்தான் வந்தது, நடுவில் ஒரு வரியும் காணாமற்போனது. வெளியே வரத் தெரியாமல் விண்டோவையே மூடிவிட்டாராம். அவர் கேட்பது நான்கு: நூறு கட்டளைப் பட்டியலில் எதை முதலில் படிப்பது, இன்னொரு எளிய திருத்தியான நானோ மட்டும் தெரிந்தால் போதாதா, நடுவில் சிக்னல் போனால் எழுதியது என்னாகும், உள்ளே தமிழில் தட்டலாமா.

தங்கச்சி, முதலில் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். விஐ-இல் நூறு கட்டளை கிடையாது. கொஞ்சம் வினை இருக்கிறது, கொஞ்சம் நகர்வு இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் நூறு வரும். சேர்க்கும் விதம் பிடிபட்டால் மனப்பாடம் செய்ய அதிகம் மிஞ்சாது.

விசைகளை நான் அவற்றின் பெயராலேயே எழுதுகிறேன். 'டிடி' என்றால் டி விசையை இரண்டு தடவை தட்டுவது. எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அப்படியே சொல்லுவேன். டி என்றால் டிலீட்டின் டி, பி என்றால் பேஸ்ட்டின் பி. மாறுகிற இடத்தில் குறிப்பிடுகிறேன்.

நானோ கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வரி மாற்றுவதென்றால் நானோ தாராளமாகப் போதும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தட்டினால் எழுத்து விழும். திரையின் அடியிலேயே கட்டளைகள் எழுதியிருக்கும். அங்கே உள்ள கூரைக் குறி (^) கொன்ட்ரோல் விசையைக் குறிக்கும். கொன்ட்ரோலோடு ஓ அழுத்தி என்டர் தட்டினால் சேமிக்கும், கொன்ட்ரோலோடு எக்ஸ் வெளியே விடும், கே வரியை வெட்டும், யூ ஒட்டும், டபிள்யூ தேடும். நானோ பாடம் இவ்வளவுதான்.

பிறகு ஏன் விஐ? எல்லாக் கணினியிலும் நானோ இருந்துவிடாது. விஐ யூனிக்ஸுக்கான பொசிக்ஸ் தரத்திலேயே சேர்ந்தது, அதனால் அநேகமாக எங்கே போனாலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் போட்ட சின்ன ரவுட்டருக்குள் போனால் பிஸிபொக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பின் குட்டி விஐ மட்டும்தான் காத்திருக்கும். அங்கே நானோவை இறக்குவதற்கு இன்டர்நெட் வேண்டும், அந்த இன்டர்நெட்டைச் சரிசெய்யத்தானே நீங்கள் ரவுட்டருக்குள்ளேயே போயிருக்கிறீர்கள். நெட்வேர்க்கிங் படிக்கிறவருக்கு இந்தச் சூழ்நிலை இன்றில்லாவிட்டால் நாளைக்கு நிச்சயம் வரும்.

சரி, முதல் பாடம் வெளியே வருவது. எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். சந்தேகமென்றால் இன்னொரு தடவை தட்டுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. பிறகு கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர்:

:கியூ!

செய்த மாற்றம் எதையும் சேமிக்காமல் வெளியே விடும். கோப்பு திறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். காணாமற்போன அந்த வரியும் இப்படி வெளியே வந்தால் திரும்பிவிடும், ஏனென்றால் நீங்கள் சேமிக்கவே இல்லை. சேமித்து வெளியே வர ':டபிள்யூகியூ', வெளியே வராமல் சேமிக்க மட்டும் ':டபிள்யூ'. இதில் மாட்டிக்கொண்டது நீங்கள் மட்டும் இல்லை. விஐ-யின் விரிந்த வடிவம் விம், லினக்ஸில் விஐ என்று தட்டினால் பெரும்பாலும் திறப்பது அதுதான். ஸ்டாக் ஓவர்ஃபுளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் 'விம்மிலிருந்து எப்படி வெளியே வருவது' என்ற கேள்வியைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை 2017இலேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

உள்ளே என்ன நடந்தது என்றால், விஐ திறந்ததும் நீங்கள் இருப்பது கட்டளை நிலை. அங்கே ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. எழுத வேண்டுமானால் எழுதும் நிலைக்குப் போக வேண்டும். ஐ தட்டினால் கர்சர் இருக்கிற இடத்திலேயே எழுதலாம். ஏ தட்டினால் கர்சருக்கு அடுத்து, ஓ தட்டினால் கீழே புது வரி திறந்து எழுதலாம். எழுதி முடிந்ததும் எஸ்கேப், மறுபடி கட்டளை நிலை. தட்டிய எழுத்தெல்லாம் கட்டளையாகப் போனதால்தான் உங்களுக்குப் பீப் சத்தம் கேட்டது.

ஐ, எஸ்கேப், ':டபிள்யூகியூ', ':கியூ!', அப்புறம் செய்ததைத் திரும்ப எடுக்க யூ. இந்த ஐந்தை வைத்துக்கொண்டே ஒரு வாரம் ஓட்டுங்கள். யூ எடுத்ததை மறுபடி கொண்டுவரக் கொன்ட்ரோலோடு ஆர். இதற்கு மேல் கற்காமல் விஐ-இல் காலம் தள்ளுகிற ஆட்களும் இருக்கிறார்கள், வேலையும் நடக்கத்தான் செய்கிறது.

ஆரம்பத்தில் வழுக்குகிற இரண்டு இடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்று, விசைப்பலகை தமிழில் கிடந்தால் கட்டளை நிலையில் எதுவும் நடக்காது. ஐ தட்டியதாக நினைப்பீர்கள், உள்ளே போவது ஒரு தமிழ் எழுத்து. இரண்டாவது, உபுண்டுவில் முதலிலேயே இருப்பது விம்மின் சுருங்கிய பதிப்பு. அதில் எழுதும் நிலையில் அம்பு விசையைத் தட்டினால் கர்சர் நகராமல் ஏ, பி, சி, டி என்று எழுத்து விழும். ':செட் நோகம்பேட்டிபிள்' என்று தட்டினால் அது நிற்கும். 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் விம்' (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு, ஏபிடியில் வருவது டெஸ்ட்டின் டி) என்று முழுப் பதிப்பைப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

இதை யார் இப்படி விசித்திரமாகச் செய்து வைத்தது என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால் கட்டளைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் புரியும். விஐ-யை எழுதியவர் பில் ஜாய். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், 1976 வாக்கில். பின்னாளில் சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அன்று அவர் வீட்டிலிருந்து மோடம் வழியாக வேலை செய்த வேகம் 300 பாட், அதாவது விநாடிக்குச் சுமார் 30 எழுத்து. ஒரு திரையில் 80 எழுத்து அகலத்தில் 24 வரி என்றால் 1,920 எழுத்து. முழுத் திரையையும் ஒரு தடவை வரைந்து முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல். அந்த லைனில் தேவையில்லாமல் ஓர் எழுத்தும் அனுப்ப மனம் வராது. அதனால்தான் கட்டளைகள் ஓர் எழுத்து, இரண்டு எழுத்தில் நிற்கின்றன. கர்சரை நகர்த்த எச், ஜே, கே, எல் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. அவர் பாவித்த ஏடிஎம்-3ஏ டேர்மினலில் (திரையும் விசைப்பலகையும் சேர்ந்த அந்தக்காலப் பெட்டி, வங்கி ஏடிஎம் இல்லை) அந்த நான்கு விசையின் மேல்தான் அம்புக்குறி அச்சிட்டிருந்தது. எஸ்கேப்பும் இப்போது டேப் விசை இருக்கிற இடத்தில், விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இன்றைய விசைப்பலகையில் எஸ்கேப் தூரம் என்று தோன்றினால் கொன்ட்ரோலோடு இடது சதுர அடைப்புக்குறியைத் தட்டுங்கள், அதே வேலைதான்.

இந்தப் பழைய கதை நம் பக்கத்தில் இன்னும் பழசாகவில்லை. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் சிக்னல் எந்த நேரம் எத்தனை கோட்டில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேகம் குறைந்தால்கூடப் பரவாயில்லை, தட்டிய எழுத்து திரைக்கு வர ஒரு விநாடி பிந்துவதுதான் உயிரை வாங்கும். அப்படியான லைனில் அம்பு விசையை நாற்பது தடவை தட்டி நாற்பதாவது வரிக்குப் போய்ப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. விஐ-இல் 40 தட்டிப் பெரிய ஜி தட்டினால் நேரே நாற்பதாவது வரி. திரை பிந்தினாலும் கவலையில்லை, நீங்கள் சொன்னது என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஐந்தோடு நிற்காமல் மேலே படியுங்கள் என்று சொல்ல எனக்கு இதுதான் முதல் காரணம்.

இப்போது அந்த வினையும் நகர்வும். 'விஐ கொழுந்து' என்று ஒரு புதுக் கோப்பைத் திறந்து, ஐ தட்டி, கொழுந்து நிறுத்த கணக்கு மாதிரி ஐந்து வரி எழுதுங்கள். பெயர்களை ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். இங்கே தமிழில் காட்டுகிறேன்:

செல்வி 18
ராணி 22
மாரியாயி 20
புஷ்பம் 17
லெட்சுமி 24

எஸ்கேப் தட்டி ':டபிள்யூ' கொடுத்துவிடுங்கள். புஷ்பத்தின் எடை 19 என்று மாற்ற வேண்டும். 4 தட்டிப் பெரிய ஜி, கர்சர் நான்காவது வரியின் தொடக்கத்துக்குப் போகும். டபிள்யூ தட்டினால் அடுத்த சொல்லுக்கு, அதாவது 17க்குத் தாவும். இப்போது 'சிடபிள்யூ' தட்டுங்கள். சி என்றால் மாற்று, டபிள்யூ என்றால் ஒரு சொல். 17 போய்விட்டது, நீங்கள் எழுதும் நிலையில் இருக்கிறீர்கள். 19 எழுதி எஸ்கேப்.

செல்விக்கும் 19தான் என்று வையுங்கள். 'ஜிஜி' தட்டினால் முதல் வரி, டபிள்யூ தட்டினால் 18. இப்போது 'சிடபிள்யூ' எல்லாம் வேண்டாம், ஒரு புள்ளி தட்டுங்கள். வெறும் முற்றுப்புள்ளி விசை. 18 இருந்த இடத்தில் 19 வந்திருக்கும். கடைசியாகச் செய்த மாற்றத்தை அப்படியே திரும்பச் செய்வதுதான் புள்ளியின் வேலை. விஐ-இல் எனக்கு மிகவும் பிடித்த விசை எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்லுவேன். இதன் பெறுமதி தெரிந்த பிறகு ஆட்கள் ஒரு மாற்றத்தைச் செய்யும்போதே, புள்ளியால் திரும்பச் செய்ய வசதியாகச் செய்யப் பழகிவிடுகிறார்கள்.

இனி நீங்களே சேர்த்துப் பாருங்கள். டி என்றால் அழி, வை என்றால் பிரதி எடு, சி என்றால் மாற்று. இவை வினை. டபிள்யூ ஒரு சொல், டொலர் குறி வரியின் முடிவு வரை, பெரிய ஜி கோப்பின் முடிவு வரை. இவை நகர்வு. 'டிடபிள்யூ' ஒரு சொல்லை அழிக்கும், 'டி$' வரியின் மீதியை அழிக்கும், டியும் பெரிய ஜியும் சேர்ந்தால் இந்த வரி முதல் கடைசி வரி வரை அழியும். வினையையே இரண்டு தடவை தட்டினால் முழு வரி. 'டிடி' வரியை அழிக்கும், 'வைவை' வரியைப் பிரதி எடுக்கும், 'சிசி' வரியை வெறுமையாக்கி எழுத விடும். முன்னால் எண் போட்டால் அத்தனை தடவை, '3டிடி' மூன்று வரி. அழித்தது எங்கேயும் போய்விடாது. பி தட்டினால் வரியென்றால் கர்சருக்குக் கீழே, சொல்லென்றால் கர்சருக்கு அடுத்து வந்து ஒட்டும். ராணியின் வரியில் நின்று 'டிடிபி' தட்டுங்கள், ராணியும் மாரியாயியும் இடம் மாறுவார்கள். பிடிக்கவில்லையா, யூவை இரண்டு தடவை.

தேடுவதற்குச் சாய்கோடு. '/புஷ்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்தால் அங்கே போகும். அடுத்ததற்கு என், முந்தியதற்குப் பெரிய என். கோப்பு முழுவதும் தேடி மாற்ற:

:%எஸ்/19/21/ஜிசி

சதவீதக் குறி முழுக் கோப்பையும் குறிக்கும், எஸ் மாற்று, கடைசி ஜி ஒரு வரியில் எத்தனை இடம் இருந்தாலும் எல்லாம், சி ஒவ்வோர் இடத்திலும் உங்களைக் கேட்டுவிட்டு. வை தட்டினால் சரி, என் தட்டினால் வேண்டாம், கியூ தட்டினால் நிறுத்து. அந்தச் சியை விட்டுவிடாதீர்கள். 19ஐத் தேடினால் 119க்குள் இருக்கிற 19உம் அகப்படும், கேட்காமல் மாற்றவிட்டால் கணக்கு எங்கே பிழைத்தது என்று பிறகு தேட வேண்டிவரும்.

விளையாட்டுக் கோப்பு போதும், வகுப்பில் வரக்கூடிய மாதிரி ஒன்றைச் செய்வோம். எஸ்எஸ்எச் சேர்வரின் கொன்ஃபிக் கோப்பில் 'மெக்ஸ்ஓத்ட்ரைஸ் 6' என்று ஒரு வரி உண்டு, எத்தனை தடவை பாஸ்வேர்ட் பிழைத்தால் இணைப்பை வெட்டுவது என்று சொல்கிற வரி. முன்னால் ஒரு ஹேஷ் குறி இருக்கும், அதனால் அது வெறும் குறிப்பாகக் கிடக்கிறது. ஹேஷை எடுத்து, 6ஐ 3 ஆக்க வேண்டும். சூடோவோடு கோப்பைத் திறந்து '/மெக்ஸ்ஓத்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து சரியாக இருக்க வேண்டும். கர்சர் அந்தச் சொல்லில் நிற்கும். பூச்சியம் தட்டினால் வரியின் முதல் எழுத்து, அதுதான் ஹேஷ். எக்ஸ் தட்டினால் அந்த ஓர் எழுத்து அழியும். டொலர் தட்டினால் வரியின் கடைசி, அங்கே 6. 'ஆர்3' தட்டினால் 6 இருந்த இடத்தில் 3. முடிந்தது. எழுதும் நிலைக்கே நாம் போகவில்லை, கவனித்தீர்களா?

வெளியே வந்ததும் சேர்வரை ரீஸ்டார்ட் பண்ண ஓடாதீர்கள். 'சூடோ எஸ்எஸ்எச்டி -டி' என்று கொடுங்கள், இங்கே டி என்பது டெஸ்ட்டின் டி. கோப்பில் எழுத்துப் பிழை இருந்தால் எந்த வரியில் என்று அது சொல்லும். எதுவும் சொல்லாமல் திரும்பினால் சரி. என்ஜிஎன்எக்ஸ் என்ற வெப் சேர்வர் என்றால் 'என்ஜிஎன்எக்ஸ் -டி', இதுவும் டெஸ்ட்டின் டிதான். எஸ்எஸ்எச் கொன்ஃபிக்கைத் தொடும்போது, புது விண்டோவில் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கும் வரை பழைய விண்டோவை மூடவே கூடாது. பிழைத்துப்போனால் உள்ளே போக இருக்கிற ஒரே கதவு அதுதான். சேர்வர் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருக்கும்போது பஸ் ஏறிப் போய்ச் சரிசெய்ய முடியாது.

சூடோ போடாமல் திறந்து, அரை மணி நேரம் திருத்தி, கடைசியில் ':டபிள்யூ' கொடுத்தால் 'ரீட்ஒன்லி' என்று மறுக்கும் சந்தர்ப்பம் எல்லாருக்கும் வரும். மாற்றத்தை எறிய வேண்டாம். இதைக் கொடுங்கள்:

:டபிள்யூ !சூடோ டீ %

இங்கே 'டீ' ஒரு யூனிக்ஸ் கட்டளையின் பெயர், ஆங்கிலத்தில் டி, இ, இ என்று மூன்று எழுத்து, இதுவும் டெஸ்ட்டின் டி. நம் தேத்தண்ணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சதவீதக் குறி இங்கே கோப்பின் பெயரைக் குறிக்கும். விம் தன்னிடம் இருக்கும் எழுத்தை அந்தக் கட்டளைக்குக் கொடுக்கிறது, அது சூடோ உரிமையோடு கோப்பில் எழுதுகிறது. பிறகு கோப்பு மாறியிருக்கிறது, திரும்ப ஏற்றவா என்று விம் கேட்டால் எல் தட்டுங்கள்.

கை தவறி நடக்கிற சில விஷயங்களையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கேப்ஸ் லொக் விழுந்திருந்தால் ஜே தட்டி இறங்க நினைக்கும்போது பெரிய ஜே போய் இரண்டு வரியை ஒன்றாக்கிவிடும். யூ தட்டிக் கேப்ஸ் லொக்கை எடுங்கள். அடியில் 'ரெக்கோர்டிங்' என்று வந்தால் தெரியாமல் கியூ தட்டியிருக்கிறீர்கள், இன்னொரு கியூ தட்டினால் நிற்கும். சேமிக்கும் பழக்கத்தில் கொன்ட்ரோலோடு எஸ் அழுத்தினால் திரை உறைந்துபோகும். விம்மில் பிழையில்லை, டேர்மினலின் பழைய 'நிறுத்து' சமிக்ஞை அது. கொன்ட்ரோலோடு கியூ அழுத்தினால் திரும்ப ஓடும். கொன்ட்ரோலோடு இசட் அழுத்தி விம்மே மறைந்துவிட்டால் அது பின்னால் காத்திருக்கிறது, 'எஃப்ஜி' என்று தட்டினால் வரும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பின்னேரத்தில் இடி இடித்துக் கரண்ட் போய், சிக்னலும் போனால் எழுதியது என்னாகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. விம் நீங்கள் திறந்த கோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு மறைவான ஸ்வொப் கோப்பை வைத்துக்கொள்ளும். 200 எழுத்து தட்டியதும், அல்லது நீங்கள் 4 விநாடி சும்மா இருந்தாலும், புதிதாக எழுதியதை அதில் போட்டுவிடும். விம் ஓடுவது சேர்வரில், உங்கள் லெப்டொப்பில் இல்லை. ஆகவே இணைப்பு அறுந்தாலும் ஸ்வொப் அங்கேயே இருக்கும்.

நீங்கள் அன்று விண்டோவை மூடிவிட்டீர்கள் அல்லவா, அடுத்த தடவை அதே கோப்பைத் திறக்கும்போது 'இ325' என்று தொடங்கும் நீளமான எச்சரிக்கை ஒன்று வரலாம். பயப்படாமல் படியுங்கள். அதில் ஒரு புரொசெஸ் எண் இருக்கும். பக்கத்தில் 'ஸ்டில் ரன்னிங்' என்று போட்டிருந்தால் பழைய விம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அல்லது வகுப்பில் வேறு யாரோ அதே கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கியூ தட்டி விலகி, யாரென்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் ஆர் தட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து எழுத்து திரும்பும். சரிபார்த்துச் சேமித்து வெளியே வந்து, மறுபடி திறக்கும்போது அதே எச்சரிக்கை வரும், இந்தத் தடவை டி தட்டி ஸ்வொப்பை அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் விஷயத்தில் மீட்க ஒன்றும் இல்லையே, நேரே டி தட்டலாம்.

இதைவிட நல்ல வழி டிமக்ஸ் (டெஸ்ட்டின் டி), இணைப்பு போனாலும் உங்கள் டேர்மினலைச் சேர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் செயலி. சேர்வருக்குள் போனதும் முதல் வேலையாக 'டிமக்ஸ்' என்று தட்டி, அதற்குள் விம்மைத் திறவுங்கள். இணைப்பு அறுந்தால் திரும்ப உள்ளே போய் 'டிமக்ஸ் அட்டாச்' என்று கொடுங்கள். கர்சர் நின்ற இடம், எழுதிக்கொண்டிருந்த பாதிச் சொல், எல்லாம் அப்படியே இருக்கும். ஸ்வொப்பும் தேவையில்லை, எச்சரிக்கையும் இல்லை. நீங்களாகவே விட்டுவிட்டுப் போக வேண்டுமானால் கொன்ட்ரோலோடு பி, இது பேக் என்பதன் பி, அழுத்தி விட்டு, பிறகு டி. நம்மூர் லைனில் வேலை செய்கிறவருக்கு விம் கட்டளைகளைவிட இதையே முதலில் சொல்லிக்கொடுக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

பழகுவதற்கு முழு விம் போட்டால் கூடவே வருகிற 'விம்டியூட்டர்' போதும். அது ஒரு பாடக் கோப்பின் பிரதியைத் திறந்து கொடுக்கும், திருத்தித் திருத்திப் படிக்கலாம், கெடுத்தாலும் பரவாயில்லை. அரை மணி நேரத்தில் முடிகிற பாடம். இறக்கியபின் டேட்டா ஒரு துளியும் தேவையில்லை. ':ஹெல்ப்' பக்கங்களும் அப்படித்தான். டேட்டா கார்ட் முடிந்த இரவிலும் படிக்கலாம். லெப்டொப் தம்பியிடம் போய்விட்டால் ஆண்ட்ராய்ட் போனில் டேர்மக்ஸ் என்ற டேர்மினல் செயலியைப் போட்டு 'பிகேஜி இன்ஸ்டால் விம்' கொடுங்கள். போனில் எஸ்கேப் எங்கே என்று தேட வேண்டாம், திரையின் அடியில் ஒரு வரிசை உண்டு. இல்லாவிட்டால் சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டு இ தட்டினால் எஸ்கேப், சத்தம் குறைக்கும் பொத்தான் கொன்ட்ரோல்.

விம்மை வெறுமனே திறந்தால் உகாண்டாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி தெரியலாம். விளம்பரம் ஏதோ புகுந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். விம்மை 1991இல் வெளியிட்ட நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார், காசு தருவதானால் அங்குள்ள பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்டு வைத்தது அது. அவர் 2023 ஓகஸ்ட் 3ஆம் திகதி காலமானார். அந்த வரி இன்னும் இருக்கிறது.

கடைசிக் கேள்வி, தமிழ். எழுதும் நிலையில் தமிழ் தட்டலாம், கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் இருந்தால் பத்திரமாகவே சேமிக்கும். தொல்லை பார்வையில்தான். பல டேர்மினல்கள் கொம்பையும் காலையும் எழுத்தோடு ஒட்டிவைக்காமல் தள்ளி வைக்கும், கர்சர் ஓர் இடத்தில் நிற்பதுபோல் தெரியும், எக்ஸ் தட்டினால் வேறு ஏதோ அழியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டுத் திருத்தப் போகாதீர்கள். அதே கோப்பை வேறொரு செயலியில் திறந்து பார்த்தால் ஒழுங்காகவே இருக்கும். ஒவ்வொரு தடவையும் எஸ்கேப்புக்குப் பிறகு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டியிருப்பதும் சலிப்புத்தான். கொன்ஃபிக் கோப்பில் ஹேஷ் போட்டு ஒரு வரித் தமிழ்க் குறிப்பு எழுத விம் சரி. கட்டுரை, கடிதம் என்றால் டேர்மினலுக்கு வெளியே எழுதுங்கள்.

விம்டியூட்டரை முடித்துவிட்டு எழுதுங்கள், தங்கச்சி. அதில் மூன்றாவது பாடத்துக்கு அப்புறம்தான் கேள்விகள் வரத் தொடங்கும்.